நான் போகிறேன்

அழைப்பு மணி இரண்டாவது முறை அடித்தபோதும் ராஜ்மோகன் எழுந்திருக்கவில்லை.

சோபாவில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து, மூச்சைக்கூடக் கொஞ்சம் அடக்கிக்கொண்டார். சொந்த வீட்டுக்குள் தானே ஒளிந்துகொண்டிருப்பது அவருக்கே அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் கொள்கை என்று வந்துவிட்டால் அசிங்கம் பார்த்து ஆகுமா?

மணிக்குப் பக்கத்திலேயே பலகை தொங்கியது. "முன்கூட்டித் தெரிவிக்காமல் மணியை அடிக்காதீர்கள்."

அதை மாட்டிய அன்று அவர் மனைவி தமயந்தி கேட்டாள். "அடிக்கக் கூடாதுன்னா எதுக்குங்க பெல்லு?"

"சொல்லிட்டு வர்றவங்களுக்கு."

"சொல்லிட்டு வர்றவங்களுக்கு நாமளே வாசல்ல நிப்போமே."

இப்படிப்பட்ட கேள்விகளால்தான் நாடு முன்னேறவில்லை என்பது ராஜ்மோகனின் கருத்து.

ஜன்னல் திரையை ஒரு விரலால் நகர்த்திப் பார்த்தார். பச்சைப் புடவையின் நுனி தெரிந்தது. பக்கத்து வீட்டுக் கருப்பசாமியின் மனைவி வள்ளியம்மாள். அவர்கள் வாசலில் தண்ணீர்க் குழாய்க்காக வெட்டிய பள்ளம் ஒரு வாரமாக வாயைப் பிளந்து கிடக்கிறது. அதையும் தாண்டிக் குதித்து வந்திருக்கிறாள் என்றால் கருவேப்பிலைக்குத்தான். அந்த வரிசையில் இருக்கும் ஒரே கருவேப்பிலை மரம் ராஜ்மோகன் வீட்டுக் கொல்லையில் இருந்தது. அந்தச் சுரங்கக் குடியிருப்பு பிளாக்கில் யார் வீட்டில் ரசம் தாளித்தாலும் அவர் வீட்டு இலைதான் மணத்தது.

புடவை நுனி மறைந்தது. செருப்புச் சத்தம் வேகவேகமாகப் போனது. கோபம் போலிருக்கிறது, இருக்கட்டும் என்று டி.வி. சத்தத்தை மறுபடி கூட்டினார்.

ராஜ்மோகன் பிறக்கும்போதே இப்படிப் பிறந்தவர் அல்ல. சுரங்கத்தில் பெரிய இயந்திரங்களைப் பராமரிக்கும் பிரிவில் அதிகாரி. ஒரு புது இயந்திரத்தைப் பழகிக்கொள்ள மூன்று மாதம் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். போகும்போது பருப்புப் பொடியும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு போனவர், வரும்போது தனிமனித சுதந்திரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"அங்க நான் தங்கின வீட்டுக்கு மாடியில ஒருத்தர் இருந்தார். மூணு மாசம். அவர் பேர் எனக்குத் தெரியாது, என் பேர் அவருக்குத் தெரியாது. அதான் நாகரிகம்! இங்க? ஏன் சார் இளைச்சிட்டீங்கன்னு பஸ்ல கேக்கறான். நான் இளைச்சா இவனுக்கென்ன, குண்டானா இவனுக்கென்ன? ஒவ்வொருத்தனும் அவனவன் வேலையைப் பாத்தா நாடு தானா உருப்படும்."

இந்தப் பிரசங்கத்தை ஷிப்ட் பஸ்ஸில் அவர் பலமுறை நிகழ்த்தியிருக்கிறார். அதனால் அவர் ஏறியதும் பக்கத்து இருக்கைகள் தாமாகவே காலியாகிவிடும். அதையும் அவர் நாகரிகத்தின் வளர்ச்சி என்றே எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்குள்ளும் சட்டம் அமலுக்கு வந்தது. ஒருவர் போனை ஒருவர் எடுக்கக் கூடாது. ஒருவர் எங்கே போகிறார் என்று ஒருவர் கேட்கக் கூடாது. கூப்பிடுவதற்கு முன் "பேசலாமா?" என்று செய்தி அனுப்பி, அனுமதி வந்த பிறகே கூப்பிட வேண்டும். தமயந்தி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் பெட்டியுடன் வாசலில் நின்றாள்.

"ஹரிணி வீட்டுக்குப் போறேன்."

ஹரிணி அவர்களுடைய ஒரே மகள். சென்னையில் வேலை.

"எப்ப வருவே?"

"அதெல்லாம் ஒருத்தரை ஒருத்தர் கேக்கக் கூடாதுங்க. நீங்கதான் சொன்னீங்க."

தன் சட்டத்தில் தானே மாட்டிக்கொண்ட ராஜ்மோகன் வழிவிட்டு ஒதுங்கினார். அன்றிலிருந்து தானே சமைத்து, தானே தின்று, தானே பாத்திரம் கழுவினார். சுதந்திரத்தில் இவ்வளவு பாத்திரம் இருக்கும் என்று ஜெர்மனியில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இந்தச் சனிக்கிழமை சாயங்காலமும் கருவேப்பிலைக்காக மணி அடித்தது அவர் பொறுமையின் கடைசிச் சொட்டையும் தீர்த்துவிட்டது. போனை எடுத்தார். பிளாக் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் முப்பது காலை வணக்கங்கள் பூங்கொத்தோடு குவிந்து கிடந்தன. நீளமாகத் திட்டி எழுதினார். அழித்தார். பெரிய மனிதர்கள் சுருக்கமாகத்தான் விலகுவார்கள் என்று தோன்றவே, இப்படி எழுதினார்:

"நான் போகிறேன். இனி என்னை யாரும் தேட வேண்டாம். அனைவருக்கும் நன்றி."

அனுப்பிவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினார். போனை அணைத்தார். ஒரு தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தவர், ஞாயிற்றுக்கிழமை வெயில் முகத்தில் அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

எழுப்பியது வெயில்கூட அல்ல. இரும்புக் குழாய்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம்.

ஜன்னல் வழியாகப் பார்த்தவருக்கு இன்னும் கனவு கலையவில்லையோ என்று சந்தேகம் வந்தது. அவர் வீட்டு வாசலில், அவர் கேட்டை மறைத்து, பந்தல் போட்டிருந்தார்கள். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அதில் பிளாக் ஆட்கள் முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாழைமரம் இல்லை, தோரணம் இல்லை, பாட்டு இல்லை. அழைப்பிதழ் இல்லாமல் பந்தலும், சிரிப்பு இல்லாமல் கூட்டமும் சேர்ந்தால் அது என்ன வீடு என்று தமிழ்நாட்டில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ராஜ்மோகனுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

நான் போகிறேன்!

நம் ஊரில் கடைக்குப் போகிறவன்கூடப் "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வான். ஆயுசில் ஒரே ஒரு பயணத்துக்குத்தான் வெறும் "போறேன்". அதிலும் "யாரும் தேட வேண்டாம்" என்று வேறு எழுதிவிட்டுப் போனையும் அணைத்து வைத்தால், படித்தவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்?

"முட்டாப்பசங்க! செத்தேனா இல்லையான்னு பெல் அடிச்சுப் பாக்கக் கூடாது?" என்று பல்லைக் கடித்தார். அடுத்த நிமிடம் பலகை ஞாபகம் வந்தது. பரவாயில்லை, அந்த மட்டுக்கும் ஒழுக்கம் வந்திருக்கிறது.

கதவைத் திறந்து எல்லோரையும் விரட்டத்தான் தாழ்ப்பாளில் கை வைத்தார். அப்போது ஜன்னலுக்கு வெளியே பேச்சுக் கேட்டது.

"நேத்துக் காலைல பால் பாக்கெட் வாங்கிட்டுப் போனாரே. நல்லாத்தான இருந்தாரு."

"அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். பாவம், பென்ஷனைக்கூடப் பாக்கல."

"யாருக்கும் ஒரு தொந்தரவு குடுக்காத மனுஷன்."

தாழ்ப்பாளிலிருந்து கை தானாக இறங்கியது. தன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை கேட்கும் வாய்ப்பு உயிரோடு இருக்கிறவனுக்கு லேசில் கிடைக்காது. நாற்காலியை ஜன்னல் பக்கம் சத்தமில்லாமல் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கோவம் மட்டும் சுருக்குன்னு வரும்."

"அது வெளியில. உள்ளுக்குள்ள தங்கம்ங்க அவரு."

ராஜ்மோகனுக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கம்! பெற்ற தாய்கூட அவரை அப்படிச் சொன்னதில்லை.

"எங்க பொண்ணு கல்யாணத்துல வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு சாம்பார் வாளியத் தூக்குனாரு பாருங்க, அத மறக்கவே முடியாது."

ராஜ்மோகன் யோசித்தார். அவர் யார் கல்யாணத்திலும் சாம்பார் வாளியைத் தூக்கியதில்லை. பெரும்பாலும் கல்யாணத்துக்கே போனதில்லை. செத்தவன் கணக்கில் இல்லாததையும் தாராளமாகச் சேர்ப்பது நம் நாட்டு வழக்கம் என்று சமாதானப்படுத்திக்கொண்டார். ஆனாலும் நெஞ்சுக்குள் என்னவோ இளகியது. இத்தனை பேரா? தனக்காகவா? ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்களே!

இனியும் மறைந்திருப்பது நியாயமில்லை. உயிரோடு இருப்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். ஷேவ் செய்தார். தலைக்குச் சாயம் பூசி வாரினார். ஜெர்மனியில் வாங்கிய மஞ்சள் நிற டீ-ஷர்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். செத்தவன் எவனும் போடமுடியாத மஞ்சள் அது. கதவை அகலத் திறந்து, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டே வாசலில் வந்து நின்றார்.

"வணக்கம்! வணக்கம்!"

யாரும் அலறவில்லை. யாரும் மயங்கி விழவில்லை. கூட்டம் அவரையும் அவருடைய டீ-ஷர்ட்டையும் மாறிமாறிப் பார்த்தது. ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இன்னொரு பெண்ணிடம் முணுமுணுத்தாள். "இன்னைக்குப் போயி எப்படிச் சிரிக்கறாரு பாரு!"

ராஜ்மோகனின் சிரிப்பு பாதியில் நின்றது. செத்ததாக நினைத்த ஆள் எதிரே வந்தால் இப்படியா பார்ப்பார்கள்?

சோமசுந்தரம் எழுந்து வந்தார். பிளாக் நண்பர்கள் குழுவை நடத்துகிறவர். ராஜ்மோகனின் வலது கையைத் தன் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார் பண்றது. இத்தனை வருஷம் பக்கத்துலயே இருந்துட்டு, இப்படித் திடுதிப்புன்னு... உங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்."

பக்கத்துலயே இருந்துட்டு.

செத்தது அவர் இல்லை என்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் அவர் பக்கத்தில் இத்தனை வருஷம் இருந்தது யார்? இந்த வீட்டில் இருந்தவர்கள் மொத்தமே இரண்டு பேர்தான்.

வாசலில் பந்தலைப் போட்டு வைத்துக்கொண்டு, "யாருங்க செத்தது?" என்று வீட்டுக்காரனே எப்படிக் கேட்பது? சுற்றி வளைத்தார்.

"எப்ப... ஆச்சு?"

"விடியக்காலம். ஆஸ்பத்திரில."

"எப்படி?"

"நெஞ்சு வலி சார். ஆட்டோ பிடிக்கறதுக்குள்ள நேரமாயிடுச்சு. கொஞ்சம் முந்திக் கொண்டு போயிருந்தா காப்பாத்தியிருக்கலாமாம்."

"அக்கம்பக்கத்துல யாரும் உதவிக்கு வரலையா?"

சோமசுந்தரம் அவர் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "கேட்டுருக்காங்க. கெடைக்கல."

"கதவையே தொறந்திருக்க மாட்டானுங்க!" ராஜ்மோகன் வெடித்தார். "சென்னைல அப்படித்தான் சார். அடுத்த வீட்டுல உயிர் போனாலும் டி.வி. பாத்துக்கிட்டு உக்காந்திருப்பானுங்க. மனுஷ ஜென்மமா சார் அவனுங்க?"

"சென்னைலயா?" என்றார் சோமசுந்தரம் குழப்பத்துடன். "இங்கதான் கொண்டு வர்றாங்க. பொண்ணு கெளம்பிட்டாளாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார்.

ராஜ்மோகன் உள்ளே ஓடினார். போனை உயிர்ப்பித்துத் தமயந்தியின் பெயரைத் தொட்டார். தொட்ட விரல் நின்றது. இத்தனை பதற்றத்திலும் பழக்கம் விடவில்லை. "பேசலாமா?" என்று செய்தி அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒற்றைக் குறிதான் விழுந்தது. இரண்டாவது குறி வரவேயில்லை.

சட்டத்தை மீறிக் கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஹரிணியைக் கூப்பிட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அவள் அப்பாவிடமிருந்து கற்ற பழக்கம். அந்த நினைப்பு அவருக்கு வரவில்லை. அழுது கொண்டிருக்கிறாள், அதனால்தான் எடுக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

குழுவில் விவரம் இருக்கும். ஆனால் குழுவைத் திறந்தால், "நீங்கள் வெளியேறிவிட்டீர்கள்" என்றது. அவர் மனைவி செத்த செய்தி ஊருக்கெல்லாம் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை.

சமையலறைக்குப் போய்ச் சும்மா நின்றார். அவள் மாட்டிவைத்த, பாத்திரம் துடைக்கும் பழைய துணி இன்னும் அதே ஆணியில் தொங்கியது. மூன்று மாதத்தில் ஒருமுறைகூடச் செய்தி போட்டுக் கேட்காமல் அவளைக் கூப்பிட்டதில்லை. அவள் அனுமதி கொடுத்த ஞாயிறுகளிலும் கரண்ட் கட்டணத்தைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டார். "வந்துடு தமயந்தி" என்று சொல்ல எத்தனையோ தடவை வாய்வரை வந்தது. அது அவளுடைய சுதந்திரத்தில் தலையிடுவதாகும் என்று விழுங்கிவிட்டார். உண்மையில் அது சுதந்திரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வீம்பு.

மஞ்சள் டீ-ஷர்ட்டைக் கழற்றி எறிந்தார். வெள்ளை வேட்டியைச் சுற்றிக்கொண்டு, மேல் துண்டோடு வாசலுக்கு வந்து கடைசி நாற்காலியில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின. கூட்டத்தின் பார்வை மாறியது. "பரவால்லயே, மனுஷனுக்குள்ள ஈரம் இருக்கு" என்றார் ஒருவர்.

அப்போதுதான் டெம்போ வந்து நின்றது. பந்தல்காரர் பாவாடை முன்னாலிருந்து இறங்கினார். பின்னால் நீளமான கண்ணாடி மூடி போட்ட குளிர்ப்பெட்டி. இரண்டு பேர் அதைப் பிடித்து இறக்கினார்கள்.

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அணையை உடைத்துக்கொண்டது. ராஜ்மோகன் ஓடிப்போய் அந்தக் காலிப் பெட்டியைக் கட்டிக்கொண்டார்.

"இதுக்குள்ளயா வைக்கப் போறீங்க? அவளுக்குக் குளிரே ஆகாதேப்பா! ஃபேனக்கூட மூணுக்கு மேல வைக்க விடமாட்டாளே!"

"ஐயா, வுடுங்க ஐயா. கண்ணாடி ஒடஞ்சிடப் போவுது" என்று பாவாடை அவரைப் பிரிக்கப் பார்த்தார். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. நாலு பேர் ஓடிவந்து பெட்டியைப் பிடித்தார்கள், இரண்டு பேர் ராஜ்மோகனைப் பிடித்தார்கள். அவருடைய வேட்டியை மட்டும் பிடிக்க ஆளில்லாமல், அவரே ஒரு கையால் பிடித்துக்கொண்டு அழுதார்.

"மன்னிச்சிடு தமயந்தி! இனிமே கேக்காமலே போன் பண்றேன் தமயந்தி!"

"என்னங்க இது?"

குரல் டெம்போவுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஓர் ஆட்டோ நின்றிருந்தது. பக்கத்தில் கையில் பையும், கலைந்த தலையும், சிவந்த கண்ணுமாகத் தமயந்தி நின்றாள்.

ராஜ்மோகன் பெட்டியை விட்டார். வேட்டியையும் விட்டிருப்பார், நல்லவேளையாகச் சோமசுந்தரம் பிடித்துக்கொண்டார்.

"நீ... உயிரோடவா இருக்கே?"

"நான் எதுக்குச் சாவணும்? குரூப்ல பாத்ததும் விடியக்காலமே பஸ் ஏறிட்டேன். வழியில போன்ல சார்ஜ் போயிடுச்சு."

ராஜ்மோகன் அவள் கையைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. அழுகை அப்படியே சிரிப்பாக மாறியது. அவள் வந்திருக்கிறாள்! குழுவில் பார்த்தாளாம், அவர் எழுதிய கடைசிச் செய்தியை. அவர் போய்விட்டார் என்று நினைத்து அழுதுகொண்டே ஓடி வந்திருக்கிறாள். ஆக, முதலில் நினைத்ததுதான் சரி. இந்தப் பந்தலும் நாற்காலியும் பெட்டியும் எல்லாம் அவருக்கேதான்! சோமசுந்தரம் சொன்ன ஆஸ்பத்திரியும் நெஞ்சு வலியும் அந்த நேரத்தில் அவர் ஞாபகத்திலேயே இல்லை.

அந்தச் சந்தோஷத்தில் அவர் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். அவருடைய வாழ்க்கையிலேயே அந்தப் பிளாக் மக்களிடம் அவர் அன்பாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். நான் குரூப்பை விட்டுத்தான் போனேன், உலகத்தை விட்டு இல்ல. போறேன்னு எழுதினது என் தப்பு. ஆனா நல்லதாப் போச்சு. எனக்காக இத்தனை பேர் வருவீங்கன்னு நான் கனவுலகூட நெனக்கல. யாரும் யாருக்கும் வேணாம்னு இத்தனை நாளாப் பேசினேனே, அதெல்லாம் பொய்ங்க. இன்னைக்கே அந்தப் பலகையைக் கழட்டிடறேன். யார் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் வரலாம். கருவேப்பிலை கொல்லையில இருக்கு, கேக்கவே வேணாம், ஒடிச்சுக்குங்க!"

யாரும் கை தட்டவில்லை. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தமயந்தி அவர் பக்கத்தில் வந்தாள்.

"உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா?" என்றாள் மெதுவாக.

அவர் அதைக் கவனிக்கவில்லை. பாவாடையின் தோளில் உரிமையோடு ஒரு தட்டுத் தட்டினார்.

"ஏம்ப்பா, என்னைக் கேக்காம என் வாசல்லயே எனக்குப் பந்தல் போட்டுட்டியே! ஒரே ஒரு தடவை பெல் அடிச்சிருந்தா நானே வந்து கதவைத் தொறந்திருப்பேன்ல?"

பாவாடை தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அடிக்கலாம்னுதாங்க நானும் சொன்னேன், பக்கத்து வூட்டு கருப்பசாமி சார் வாசல்ல பள்ளமாக் கெடக்குது, அவருக்கு இங்கதான் பந்தல் போட்டாவணும், உங்கள ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு, வள்ளியம்மாதான், 'வாணாம்ப்பா, வூட்டுக்காரருக்கு நெஞ்சு வலிக்குதுன்னு நேத்து சாயங்காலமே நான் ரெண்டு வாட்டி அடிச்சுப் பாத்துட்டேன், அந்த சார் தொறக்க மாட்டாரு'ன்னு சொல்லிட்டாங்க."